கடல் இரண்டு முறை வந்த இடம்

“இதுல எது தலை, எது கால், சொல்லு பார்ப்போம்?”

முழங்கை நீளமுள்ள ஓர் உருளைக் கல்லைக் கையில் ஏந்திக்கொண்டு பாறை டாக்டர் அவளிடம் இப்படிக் கேட்டபோது டாக்டருக்கு இருபத்தேழு வயது. கேட்கப்பட்டவளுக்கு இருபத்து மூன்று. கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து அன்று மூன்றாவது நாள். கல்லின் இரண்டு முனையும் ஒரே மாதிரி வட்டமாக, ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. அவள் கல்லைப் பார்த்தாள், டாக்டரின் செருப்பைப் பார்த்தாள், கடைசியில் தன் கால் விரல்களைப் பார்த்தபடி நின்றாள். தெரியாது என்று சொல்வதற்கும் வாய் வர வேண்டுமே.

“எனக்கும் தெரியாது,” என்றாள் டாக்டர். “கல்லுக்கும் தெரியாது. அதனாலதான் பூமியிலிருந்து எடுத்த கையோட சாக்பீஸால ஒரு அம்பு போட்டுடறாங்க. அம்பு எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம் வானம்.”

அவள் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் அந்தக் கிடங்கு கேட்ட அவளுடைய முதல் சத்தம் அதுதான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். கையெழுத்து அச்சுப் போல இருக்கிறது என்பதற்காகவே பெட்டிகளுக்குச் சீட்டு எழுத எடுத்துக்கொண்டார்கள். எழுதி எழுதி வலது கை நடுவிரலில் ஒரு கறுப்பு மச்சம் போல மை நிரந்தரமாகத் தங்கிவிட்டதால் எல்லோருக்கும் அவள் மைக்காரி. டாக்டருக்கும் பட்டப்பெயர் அங்கேதான் கிடைத்தது. வந்த புதிதில் ‘டாக்டர் வந்திருக்கிறார்’ என்று யாரோ சொல்ல, துளை போடும் மேஸ்திரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ரொம்ப நாளாக இந்த முட்டி வலிக்கிறது, ஒரு ஊசி போட்டுவிடுங்கள் என்று நின்றாராம். நான் பாறைக்குத்தான் டாக்டர் என்று அவள் சொன்னதற்கு, என் முட்டியும் இப்போது பாறை மாதிரிதான் இருக்கிறது என்றாராம் அவர். அன்றிலிருந்து பாறை டாக்டர். மைக்காரி மட்டும் அக்கா என்று கூப்பிட்டாள். வா, போ என்றே பேசு என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அது மட்டும் நாக்கில் ஏறவில்லை.

கிடங்கு என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு பக்கம் இரும்பு அடுக்குகள், நடுவில் சிமெண்டுத் தரை, வாசலை ஒட்டிக் கல் கழுவும் தொட்டி. ரிக் என்னும் துளை இயந்திரம் பூமிக்குள் ஒரு குழாயை நட்டுச் சுற்றிச் சுற்றி இறங்கும். குழாய்க்குள் சிக்குகிற கல் உருளை உருளையாக வெளியே வரும். அதைக் கோர் என்பார்கள். ஒவ்வொரு மரப்பெட்டியிலும் ஐந்து பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு மீட்டர் கோர். புத்தகத்தின் பக்கத்தைப் படிப்பது போல, இடது மேல் மூலையில் தொடங்கி வலது கீழ் மூலையில் முடிய வேண்டும். மேலே கிடப்பது பூமியில் மேலே இருந்தது. கீழே கிடப்பது ஆழத்திலிருந்து வந்தது. அவ்வளவுதான் விதி. அந்த ஒரே துளையிலிருந்து வந்தவை அறுபத்து மூன்று பெட்டிகள்.

எல்லாம் வந்து சேர்ந்த அன்று டாக்டர் ஒரு காரியம் செய்தாள். அறுபத்து மூன்றையும் தரையில் வரிசையாகப் பரப்பச் சொன்னாள். கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் பாதி தூரம் போயிற்று வரிசை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டியிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். இது கோயிலா என்று மேஸ்திரி கேட்டார். இல்லை, செருப்பிலிருந்து மண் உதிர்ந்து பெட்டியில் விழுந்தால் அதற்கும் ஒரு காலம் கணக்குப் போட்டுவிடுவேன் என்றாள்.

அந்த நடையை மைக்காரி எத்தனையோ முறை மனதுக்குள் திரும்ப நடந்திருக்கிறாள். அறுபத்து மூன்றாவது பெட்டியில் ரோஜா நிறக் கருங்கல். இந்தக் கண்டம் முதன்முதலில் உருகிக் குளிர்ந்தபோது உண்டானது. அப்போது இது கண்டமே இல்லை, கொதிக்கிற கடலில் மிதந்த சின்னத் தீவு என்றாள் டாக்டர். அப்புறம் ஐந்தாறு பெட்டிகள் கசக்கிப் போட்ட துணி போல மடிந்து மடிந்து கிடந்தன. இன்னொரு தீவு வந்து மோதி, விலக மனமில்லாமல் அப்படியே ஒட்டிக்கொண்ட இடம். அங்கே ஒரு பெரிய மலையே இருந்திருக்கிறது. மழையும் காற்றும் அதைத் தின்று தீர்த்துவிட்டன. பிறகு கறுப்பாக எரிமலைக் குழம்பு. அதன் மேல் செக்கச் செவேலென்று பாலைவன மணல். அதற்கும் மேல் வெள்ளையாகச் சிப்பிக்கல், அதாவது கடல். இன்னும் மேலே வந்தால் விரல் தடிமனுக்கு நிலக்கரி, அழுகிப்போன ஒரு காடு. அப்புறம் எங்கெங்கோ இருந்து பனி இழுத்து வந்து போட்ட கூழாங்கற்கள். பனி உருகினதும் போட்டது போட்டபடி போய்விட்டது. அப்புறம் ஏரிச் சேறு, நோட்டுப் புத்தகத்தின் தாள் போல வருஷத்துக்கு ஒரு ஏடு.

மூன்றாவது பெட்டியில் டாக்டர் நின்றாள். ஏரிச் சேற்றின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. இதுவரைக்கும் நெருப்பு எப்போதாவது வந்திருக்கிறது, இங்கிருந்து பார், ஏடு தவறாமல் கரி என்றாள். மனுஷன் வந்துவிட்டான். புல்லைக் கொளுத்தி வேட்டையாடியிருக்கிறான். இரண்டாவது பெட்டியின் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் காட்டு மரங்களின் மகரந்தம் குறைந்து, விதைத்து அறுக்கிற தானியத்தின் மகரந்தம் கூடியிருக்கும் என்றாள். முதல் பெட்டியில் உழுத மண், செங்கல் தூள், ஒரு சின்ன மண்சட்டித் துண்டு.

அந்தச் சட்டித் துண்டைக் கண்டெடுத்தது மைக்காரிதான். ஈரக் களிமண்ணை யாரோ விரலால் அழுத்திய பள்ளம் அதில் அப்படியே இருந்தது. தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. பெண்பிள்ளைதான் அக்கா செய்திருக்கிறாள் என்றாள். டாக்டரும் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளையாகவும் இருக்கலாம், இல்லாவிட்டால் இவ்வளவு கோணலாக யார் செய்வார்கள் என்றாள். இரண்டு பேரும் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, முகமே தெரியாத ஒருத்தியைப் பற்றி ஒரு மணி நேரம் வம்பு பேசினார்கள். அவளுக்கு மாமியார் இருந்திருப்பாளா, சட்டி வெடித்ததற்குத் திட்டியிருப்பாளா என்பதுவரை போயிற்று.

மூன்று வருஷம் அப்படி ஓடியது. காய்ந்த கல்லில் நிறம் சாம்பல் பூத்து மங்கித்தான் தெரியும். தண்ணீர் பட்டால்தான் பச்சையும் சிவப்பும் ஊதாவும் துள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆகவே மைக்காரி கழுவுவாள். அது காய்வதற்குள் டாக்டர் ஓடி ஓடி எழுதுவாள். சீட்டு எழுத வந்தவள் கல் கழுவினாள், அடுக்கினாள், எந்தப் பெட்டி எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். தகரக் கூரை மேல் மழை கொட்டினால் பேச்சுக் காதில் விழாது. இருவரும் காகிதத்தில் எழுதிக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். ஈரக் கல்லின் வாசனைக்கும் அந்தச் சிரிப்புக்கும் இன்றுவரை அவளுக்குள் ஒரே இடம்தான்.

அந்த மூன்று வருஷத்துக்கு நடுவில்தான் நாற்பத்தோராவது பெட்டி.

அது ஒரு நண்பகல். நாற்பத்தோராம் பெட்டியின் கோர் முழுவதையும் ஒரு தட்டுப் பலகையில் வரிசை மாறாமல் எடுத்து வைத்துக் கழுவியிருந்தாள். சேறு கெட்டியாக அப்பியிருந்ததால், கூடாது என்று சொல்லப்பட்ட முரட்டுப் பிரஷ்ஷைக் கொஞ்சம் அழுத்தித்தான் போட்டாள். சாக்பீஸ் அம்புகள் சேற்றோடு போய்விட்டன. போனால் என்ன, வரிசை பலகையில் இருக்கிறதே. மேஸ்திரி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது ஒரு லாரி பின்னாலேயே வந்து, கொட்டகைக்குள் பாதி நுழைந்துவிட்டது. ஓட்டி வந்தவன் புது ஆள். ஹாரனை அடித்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டி, கல்லுக்கு வழி விடணுமா, கல்லு எனக்கு வழி விடுமா என்று கேட்டான். அவள் முகம் சிவந்து போயிற்று. இடம் கொடுக்க இருவரும் பலகையோடு ஒரு அரை வட்டம் சுற்றினார்கள். தலை இருந்த பக்கம் கால் வந்தது. லாரிக்காரன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கையில் பட்டதை முதல் பள்ளத்தில் வைக்க ஆரம்பித்தாள்.

புதிதாக அம்பு போட சாக்பீஸை எடுத்தபோது ஒரு கணம் கை நின்றது. ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் லாரிக்காரன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். அம்பைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். எட்டு மாதம் கழித்து அவனையே கட்டிக்கொண்டாள்.

நாற்பதாம் பெட்டி முழுக்க வெள்ளைச் சிப்பிக்கல். நாற்பத்திரண்டாம் பெட்டி முழுக்கச் சிவப்பு மணல். நாற்பத்தொன்றுதான் மாறுகிற இடம். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. சரியாக வைத்திருந்தால் மேலே வெள்ளை, கீழே சிவப்பு. பாலைவனம் இருந்தது, பிறகு கடல் வந்தது, கதை முடிந்தது. அவள் வைத்த விதத்தில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. அப்படியென்றால் பாலைவனம், கடல், மறுபடி பாலைவனம், மறுபடி கடல்.

அடுத்த வாரம் அந்தப் பெட்டியைப் படித்த டாக்டர் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கடல் இரண்டு தடவை வந்திருக்கிறது மைக்காரி, யாருக்குமே தெரியாது, நமக்கு மட்டும்தான் தெரியும் என்றாள். கட்டிக்கொண்ட தோளுக்குமேல் பெட்டியைப் பார்த்தபடி மைக்காரி நின்றாள். உறுத்தியது தொண்டைவரை வந்தது. உறுதியாகத் தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? சொன்னால் வேலை போகுமோ? அதைவிட, இந்த முகத்தில் இருக்கிற சந்தோஷம் போய்விடுமே. விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பதில் வேறொன்று செய்தாள். இனிமேல் கழுவுவதற்கு முன்னால் கோரின் நீளத்துக்கும் இரண்டு கோடு போடலாம், வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் கறுப்பு, அழியாத மையில் என்றாள். சிவப்பு வலப்பக்கம் இருந்தால் தலை மேலே. எந்தத் துண்டு எப்படி உருண்டாலும் தெரிந்துவிடும். கேட்டவர்கள் அசந்து போனார்கள். அந்தக் கிடங்கு முழுக்க அதுவே வழக்கமாகி, மற்றக் கிடங்குகளுக்கும் போய், ‘மைக்காரி கோடு’ என்றே பெயராகிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், எவ்வளவு கவனமான மனுஷி பார் என்று அவளைக் காட்டுவார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான்கு வருஷத்தில் டாக்டரின் புத்தகம் வந்தது. ஒரு கண்டம் உண்டாகி, ஒட்டி, கிழிந்து, மறுபடி ஒட்டி, கடைசியில் அதன் மேல் மனுஷன் செங்கல் சுட்டு வீடு கட்டினது வரைக்கும். ஐந்தாம் அத்தியாயத்தின் பெயர், ‘கடல் இரண்டு முறை வந்தது’. கண்டம் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டது, இழுத்தபோது கடல் வடிந்தது, விட்டபோது திரும்பி வந்தது என்று அதில் எழுதியிருந்தாள். அந்த வரியைப் பிடிக்காதவர்கள் இல்லை. பள்ளிப் பாடத்தில்கூட அந்தப் படம் வந்தது. முன்னுரையில் மைக்காரிக்கு நன்றி சொல்லியிருந்தாள். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்களுக்கு முன்னால், முதலாவதாக. அதற்குள் டாக்டருக்கு வேறு ஊரில் உத்தியோகமாகியிருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை வருவாள், கல்லைப் பார்ப்பதைவிட அவளைப் பார்க்க.

புத்தகம் வந்து ஒரு வருஷம் கழித்துக் கூரை ஒழுகிற்று. நனைந்த பெட்டிகளைக் காயவைக்க மேசைமேல் பரப்பினாள் மைக்காரி. அப்போது நாற்பதாம் பெட்டியின் கடைசித் துண்டு கையில் இருந்தது. அதன் உடைந்த முனை ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருந்தது. அடுத்த பெட்டியின் முதல் துண்டோடு அது சேரவில்லை. அந்த இடத்தில் இரண்டு சாண் கல் நொறுங்கித் தொலைந்துவிட்டது என்று டாக்டர் அப்போதே எழுதி வைத்திருந்தாள். மைக்காரி நாற்பத்தொன்றின் கடைசித் துண்டை எடுத்துத் திருப்பிப் பிடித்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது, கைதான் எடுத்தது. இரண்டும் பல்லோடு பல் சேர்ந்தாற்போல ஒட்டிக்கொண்டன. நடுவில் முடி நுழையவும் இடமில்லை.

இரண்டையும் பிரித்து அதனதன் இடத்தில் வைத்து மூடினாள். இருபத்தாறு வருஷம் மூடியே வைத்திருந்தாள்.

இப்போது அதைத் திறக்கிற நாள் வந்துவிட்டது. கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாகப் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருந்தார்கள். இரண்டிலும் கடல் ஒரே தடவைதான் வந்திருந்தது. அவற்றைப் போட்ட குழுவின் தலைவன் டாக்டரிடம் படித்தவன்தான். தடித்த கண்ணாடி போட்டிருப்பான், டாக்டர் அவனைக் கண்ணாடி என்றே சொல்வாள். நாற்பத்தோராம் பெட்டியை நீளவாட்டில் ரம்பத்தால் அறுத்துப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கடிதம் எழுதியிருந்தான். செம்மணலுக்கு நடுவே வெயிலில் வெடித்த சேறு இருக்கும். வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே கூராகவும்தான் இருக்கும். வெளியிலிருந்து தெரியாது, அறுத்தால் எது மேல், எது கீழ் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். இதுவரை அந்தப் பெட்டியை அறுக்க டாக்டர் விட்டதில்லை, முழுசாக இருக்கட்டும் என்று ஆசையாக வைத்திருந்தாள். இந்தத் தடவை, தாராளமாக அறுங்கள், நானும் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டாள். அடுத்த மாதம் அவளுக்கு ஓய்வு. புத்தகத்தின் புதிய பதிப்பும் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது.

முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மைக்காரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த லாரிக்காரர் இப்போது முழுவழுக்கை. கேட்டுவிட்டுப் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, அப்போ கடலை ரெண்டாவது தடவை கூட்டிட்டு வந்தது நான்தானா என்றார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு குரலை இறக்கினார்.

“இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தவ, இன்னும் ஒரு நாள் மூடிட்டு இருக்க முடியாதா? நீதான் மாத்தி வச்சேன்னு யாருக்குத் தெரியப் போகுது?”

“நாளைக்கு ரம்பம் சொல்லிடும்ங்க. அவங்க படிக்க வச்ச பசங்க முன்னாடியே சொல்லிடும்.”

“நீ சொன்னா மட்டும்?”

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சொன்னால் அக்கா தனக்கு இல்லாமல் போவாள். சொல்லாவிட்டால் நாலு பேர் நடுவில் அக்கா தலைகுனிவாள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று கிடைக்கிறதா என்று விடியும்வரை புரண்டு பார்த்தாள்.

குழு பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. டாக்டர் ஒன்பது மணி பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். முடி முழுக்க வெள்ளை, நடை மட்டும் அதே அவசரம். உள்ளே வரும்போதே செருப்பைக் கழற்றினாள். “கண்ணாடி முகம் இன்னைக்கு எப்படிப் போகுதுன்னு பாரு,” என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து புதிய பதிப்பின் தாள்களை எடுத்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லையாம். முன்னுரையை மட்டும் புதிதாக எழுதியிருக்கிறாளாம். கேள் என்று சொல்லிப் படித்துக் காட்டினாள். ‘இந்தக் கண்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் எனக்காக ஈரத் துணியால் துடைத்துத் தந்தவள்’ என்று அவளைப் பற்றி ஒரு வரி. படித்துவிட்டு, எப்படி என்பது போலப் புருவத்தைத் தூக்கினாள்.

மைக்காரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய் நாற்பதாம் பெட்டியையும் நாற்பத்தொன்றையும் மேசைக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் என்ன அவசரம், அவர்கள் வரட்டும் என்றாள் டாக்டர். மைக்காரி இதன் கடைசித் துண்டையும் அதன் கடைசித் துண்டையும் எடுத்து, ஒன்றைத் திருப்பி, டாக்டரின் கண்ணுக்கு நேராக முனையோடு முனை வைத்தாள். கல்லோடு கல் சேரும்போது டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பிறகு கையை எடுத்தாள். இரண்டும் ஒரே கல்லாக மேசைமேல் கிடந்தன.

டாக்டர் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் குனிந்து பார்த்தாள்.

“கழுவிட்டுத் திரும்ப வைக்கும்போது நான்தான் அக்கா மாத்தி வச்சிட்டேன். அம்பு அழிஞ்சு போச்சு. நானே போட்டேன்.”

“எப்போ தெரியும் உனக்கு?”

“கூரை ஒழுகின வருஷம்.”

“புத்தகம் வந்தப்புறம்.”

“ஆமா. வந்து ஒரு வருஷம் கழிச்சு.”

டாக்டர் தாள்களை அடுக்கினாள். விளிம்புகளைத் தட்டித் தட்டி ஒன்றாக்கினாள், மறுபடி கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

“வருஷா வருஷம் வந்தேனே,” என்றாள். “இங்கேதானே உட்கார்ந்தோம். இந்த மேசையிலதானே சாப்பிட்டோம்.”

மைக்காரி தலையை நிமிர்த்தவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

“ரெண்டு மணி நேரம் முன்னாடி சொல்றதுக்கு இருபத்தாறு வருஷம் எடுத்துக்கிட்டியா?”

டாக்டர் தாள்களை மேசையிலேயே விட்டாள். தனியாக எழுந்து அடுக்குகளுக்கு நடுவே நடந்தாள். எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. கொட்டகையின் அந்தக் கோடிவரை போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று மைக்காரிக்குத் தெரியாது. வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் திரும்பி வந்தாள். முகத்தைத் தொட்டித் தண்ணீரில் கழுவியிருந்தாள்.

கண்ணாடியும் அவனோடு நான்கைந்து பேரும் வந்தார்கள். மேடம் என்று எல்லோரும் காலில் விழாத குறையாகக் குனிந்தார்கள். ரம்பக்காரர் இயந்திரத்துக்குத் தண்ணீர் விட்டுத் தயார் செய்தார். கண்ணாடி தயங்கித் தயங்கி, தாங்கள் என்ன நினைக்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தான். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கடல் ஒரு தடவைதான் வந்திருக்கு. அறுக்கிறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன், எழுதிக்கோங்க. இந்தப் பெட்டி தலைகீழா இருக்கு. முனையைச் சேர்த்துப் பார்த்தா தெரியும். முதல் வருஷம் படிக்கிற பிள்ளை அதைத்தான் முதல்ல செய்யும். நான் செய்யலை. கல்லு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டேன்.”

மேசைமேல் ஒட்டிக் கிடந்த கற்களைக் கண்ணாடி பார்த்தான். பெட்டியை அடுக்கினது யார், ரிக்கிலேயே மாறிப்போனதா, குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டான். அடுக்குகிறது கிடங்கு வேலை, படிக்கிறது என் வேலை, நான் தப்பாகப் படித்தேன், அதை மட்டும் எழுது என்றாள் டாக்டர்.

மைக்காரி எப்போதும் நிற்கிற இடத்தில், தொட்டிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் வெளியாட்கள் முன்னால் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. அங்கே இருந்தே பேசினாள். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

“திருப்பி வச்சது நான். அது தெரிஞ்சும் சொல்லாம இருந்ததும் நான். அதையும் எழுதிக்கோங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். இவர்தான் அந்தக் கோடு போட்டவர் என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தது கேட்டது. டாக்டர் மட்டும் திரும்பவில்லை. ரம்பக்காரரிடம், போடுங்கள் என்றாள்.

ரம்பம் கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. செந்தண்ணீர் தரையில் ஓடியது. இரண்டாகப் பிளந்த கல்லைத் துடைத்து மேசைமேல் வைத்தார்கள். செம்மண்ணில் வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. மைக்காரி போட்ட அம்பு பார்த்த பக்கத்தில் எல்லாம் கூர். மறுபக்கத்தில் எல்லாம் அகலம். கோடி கோடி வருஷத்துக்கு முந்திய ஒரு வெயில் அன்றைக்குக் காய்ந்தது போல இருந்தது. டாக்டர் ஒரு வெடிப்பை நகத்தால் மெல்லத் தடவினாள். அழகாக இருக்கிறது என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு மாணவர்கள் பேச ஆரம்பித்தார்கள், படம் எடுத்தார்கள், அளந்தார்கள். ஒருவன் ஏதோ கேட்க டாக்டர் பதிலுக்கு ஒரு நகைச்சுவைகூடச் சொன்னாள். எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

ஒரு மணி ஆகப் போகும்போது டாக்டர் கிடங்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். குறிப்பு என்னும் இடத்தில், ‘பெட்டி 41, மேல் கீழ் திருத்தப்பட்டது’ என்று எழுதி நாள் போட்டாள். ஐந்தாம் அத்தியாயத்தின் தாள்களை மட்டும் தனியே உருவி நான்காக மடித்துப் பையின் வெளிப்புறத்தில் செருகினாள். எங்கள் வண்டியிலேயே வாருங்கள் மேடம் என்று கண்ணாடி கூப்பிட்டதற்கு, பஸ்ஸில்தான் எனக்கு யோசனை ஓடும் என்று சொல்லிவிட்டாள்.

மைக்காரி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாயிற்று. ஆனாலும் இன்னும் ஒன்று மிச்சம் இருப்பது போல வாய் லேசாகத் திறந்தே இருந்தது. டாக்டர் செருப்பைப் போட்டுக்கொண்டாள். தூணுக்கு நேராக வந்ததும் நின்றாள். இத்தனை வருஷத்தில் இருவரும் எவ்வளவு உயரம் குறைந்துவிட்டோம் என்பது அவ்வளவு பக்கத்தில் நின்றபோதுதான் மைக்காரிக்குத் தெரிந்தது. டாக்டரின் கண் சிவந்திருந்தது. அழுதா, கல் தூசியாலா என்று சொல்ல முடியவில்லை. அக்கா என்று கூப்பிட்டாள். கூப்பிட்டது வெளியே கேட்டதா என்பது அவளுக்கே சந்தேகம்தான்.

டாக்டர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். ரம்பத்திலிருந்து வழிந்த செந்தண்ணீர் வாசல்வரை வந்து தேங்கியிருந்தது. அதைத் தாண்டிச் சாலைக்குப் போனாள். பஸ் வந்தது. ஒன்றும் சொல்லாமல் ஏறிக்கொண்டாள்.